இரண்டாவது ஆள்: ஒரு வீட்டு டிரம்போலினின் எட்டு மாதங்கள்

நான் திருகோணமலை நகரில் ஒரு முன்பள்ளியின் ஆசிரியை. என் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ஒரு சிறிய டிரம்போலின், அதாவது சட்டத்தில் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய குதிப்புப் பாய், வந்ததில் கடந்த நவம்பர் முதல் இந்த யூலை வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். பெற்றோரின் சம்மதம் பெற்றிருக்கிறேன். பெயர்கள் இல்லை, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அளவுகளும் நேரங்களும் என் குறிப்புப் புத்தகத்திலும் தாயின் கைபேசியிலும் இருந்தபடியே உள்ளன. இதில் நடந்த பிழைகளில் ஒன்று என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

அப்போது பையனுக்கு வயது நான்கும் இரண்டு மாதமும். எடை 15 கிலோ, உயரம் 3 அடி 4 அங்குலம். உவர்மலைப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடும்பம் வாடகைக்கு இருந்தது. தந்தைக்குத் துறைமுகத்தில் முறைவேலை. தாய்க்கு அரச அலுவலகம். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் அம்மம்மா. கீழே வீட்டுக்காரரும் மனைவியும். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். முற்றம் இருந்தது, ஆனால் அது வீட்டுக்கார அம்மாவின் பூச்சாடிகளுக்கு உரியது.

வெயில் காலத்தில் இது ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு டச்பே கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை கோணேசர் கோயில். போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களின் பின்னால் ஓடுவான். "மான்தான் முதலில் களைக்கும், ரீச்சர்" என்று அம்மம்மா சொல்லுவார். ஒக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. திருமலையில் மழைக்காலம் என்றால் தை பிறக்கும்வரை கடற்கரையை மறந்துவிட வேண்டியதுதான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மேல்மாடியில் இரண்டு அறைக்கும் ஒரு விறாந்தைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை தன் 180 நிமிடத்தைத் தானே தேடிக்கொண்டான். மூன்று கிழமைக்குள் கட்டிலின் இரண்டு குறுக்குப் பலகைகள் முறிந்தன. செற்றியின் நடு இருக்கை பள்ளமாகிவிட்டது. கீழ்வீட்டு ஐயாவின் பகல் தூக்கமும் போனது.

வகுப்பில் கண்டவை

தாய் என்னிடம் வந்து கதைத்த பிறகு இரண்டு கிழமை அவனைத் தனியாகக் கவனித்துக் குறித்தேன். கதை நேரம் 15 நிமிடம். ஒரு நாள் ஒன்பது முறை எழுந்தான். வரிசையில் முன்னால் நிற்பவரைத் தள்ளினான், ஆனால் முகத்தில் கோபமே இல்லை, தள்ளிவிட்டுச் சிரித்தான். சுவரில் முதுகை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பான். ஒருநாள் நானும் உதவியாளரும் நீண்ட வாங்கை வெளியே தூக்கியபோது ஓடிவந்து நடுவில் பிடித்துக்கொண்டு முக்கி முக்கித் தூக்கினான். அதை இறக்கி வைத்த பிறகு பத்து நிமிடம் அசையாமல் இருந்து மண்ணில் கோடு கீறினான். அதையும் எழுதி வைத்தேன். எழுதினேனே தவிர, அதன் பொருளை அப்போது நான் படிக்கவில்லை.

"இது ஏதும் நோயா, ரீச்சர்?" என்று தாய் கேட்டார். அப்படிச் சொல்வது என் வேலையல்ல. பேச்சு, உறக்கம், சாப்பாடு, மற்றப் பிள்ளைகளோடு சேருதல் எல்லாம் நன்றாக இருந்தன. ஐயம் இருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டும்படி சொன்னேன். காட்டினார்கள், அவரும் கவலைப்படவில்லை. அம்மம்மாவின் கணிப்பு நாவூறு. பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டுவித்தார். நூலால் கெடுதல் எதுவும் இல்லை. ஊரில் சொல்லும் "துடியாட்டமான பிள்ளை" என்ற சொல்லே அவனுக்குப் பொருந்தியது.

வாங்குவது என்ற முடிவு

கனடாவில் இருக்கும் மாமா தன் பிள்ளைகள் வீட்டுக்குள் சிறிய டிரம்போலினில் குதிக்கும் காணொளியை அனுப்பி, பணமும் அனுப்பினார். தாய் என்னிடம் கருத்துக் கேட்டார். பார்த்த பொருள் 4 அடி விட்டமும் 9 அங்குல உயரமும் கொண்டது; ஒரு பக்கத்தில் பிடிகம்பி; ஸ்பிரிங்குகளை மூடும் துணி உறை; சட்டத்தில் "அதிகபட்ச எடை 50 கிலோ" என்று ஒட்டியிருந்தது.

மாற்று வழிகளையும் கதைத்தோம். நிலத்தில் மெத்தை போட்டுக் குதிக்க விடலாம். ஆனால் வீட்டில் இருந்தது ஒரே தும்பு மெத்தை, அது இரவு படுக்கவும் வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் பெரிய மண்டபத்தில் ஓடவிடலாம். ஆனால் மழைக்குள் முச்சக்கரவண்டி பிடித்து யார் கொண்டுபோவது?

இங்கேதான் என் பிழை. ஆறு வயதுக்குட்பட்டவர்கள் டிரம்போலினில் ஏறக்கூடாது என்ற எச்சரிக்கை எனக்குத் தெரியாததல்ல. அமெரிக்கத் தர விதி ஒன்று, நிலத்திலிருந்து 20 அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள டிரம்போலின்களை ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. இது வெறும் 9 அங்குலம். கதிரையை விடத் தாழ்வு. விழுந்தாலும் என்ன ஆகிவிடும் என்று எண்ணினேன். ஆபத்து உயரத்தில் இருக்கிறது என்பதே என் கணக்கு. "சின்னதுதானே, ஒருவர் ஒருவராகக் குதித்தால் போதும்" என்று வாசலில் நின்று, குடையை மடித்தபடி தாயிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிதான் முக்கியமானது. அதை நான் ஒருவருக்கு மட்டும், ஒரே ஒரு முறை, போகிற போக்கில் சொன்னேன். வீட்டில் குதிப்பதையே குழந்தை மருத்துவர்கள் விரும்புவதில்லை என்பதைச் சொல்லவே இல்லை.

அறையும் அளவுகளும்

நவம்பர் நடுவில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பொதியாக வந்து சேர்ந்தது. வைக்கக் கிடைத்தது முன்னறை மட்டும்: பத்தடிக்குப் பத்தடி, பளபளக்கும் சிவப்புச் சீமெந்துத் தரை, நடுவில் மின்விசிறி.

தந்தை எதையும் அளந்து செய்பவர். விசிறித் தகடு தரையிலிருந்து 7 அடி 6 அங்குலத்தில் இருந்தது. பையன் கையை உயர்த்தினால் 4 அடி, பாய் 9 அங்குலம், குதிப்பு ஓர் அடி என்று வைத்தாலும் ஆறடியைத் தொடாது. எனவே விசிறியை அகற்றவில்லை. சுவரில் இடிக்காதிருக்க இரண்டு பக்கமும் இரண்டடி விட்டு மூலையில் வைத்தார்கள். அப்படி வைத்ததில் விசிறியின் தகடு பாயின் உள்ளோரத்துக்கு மேலாகச் சுற்றியது. கணக்கில் தவறில்லை. ஆனால் அளக்கப்பட்டது ஒரு பிள்ளை. அந்த வீட்டுக்கு வந்துபோகும் பிள்ளைகளை யாரும் அளக்கவில்லை.

முதல் நாள் ஐந்து நிமிடத்துக்குள் சட்டம் வழுவழுப்பான தரையில் நகர்ந்து யன்னல்வரை போனது. தந்தை பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கால்களுக்கு உறையாகக் கட்டினார். அதோடு வழுக்கல் நின்றது. சத்தம் நிற்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கார ஐயா படியேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, மேலே நெல் குற்றுகிறீர்களா?" என்று கேட்டார். கால்களின் கீழே பழைய தும்பு மெத்தைத் துண்டுகள் போடப்பட்டன. பகல் ஒன்றிலிருந்து நான்குவரை குதிப்பதில்லை என்ற உடன்பாடும் அன்றைக்கே ஆனது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட மீறப்படாத விதி அது ஒன்றுதான். கேட்டவர் நேரில் வந்து கேட்டார் என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் ஆறு கிழமை

பிள்ளை மகிழ்ந்தான். கட்டில் தப்பியது. காலையில் முன்பள்ளிக்கு முன் பத்து நிமிடம் குதித்துவிட்டு வந்த நாட்களில் கதை நேரத்தில் எழுவது மூன்று, நான்கு முறையாகக் குறைந்தது. இதை முழுவதும் டிரம்போலினின் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை. மழை நாட்களில் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகளே வந்தார்கள். வகுப்பே அமைதியாக இருந்தது.

இரவில் நேர்மாறாக நடந்தது. தந்தை வேலை முடிந்து ஏழரைக்கு வந்ததும் இன்னொரு சுற்று. எட்டரைக்கு உறங்கிய பிள்ளை பத்துமணிவரை விழித்திருந்தான். களைத்தால் உறங்குவான் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. நான்கு வயதுப் பிள்ளை களைத்தால் உறக்கத்துக்கு முன்னே கிறுக்குத்தான் ஏறும். இரவுச் சுற்றை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் இரண்டு மூன்று நாளில் உறக்கம் பழையபடி ஆனது.

அந்த நாட்களில் தாய் எனக்கு அனுப்பிய ஒரு காணொளி இன்னும் என்னிடம் இருக்கிறது. பையன் கம்பியைப் பிடித்துக் குதிக்கிறான். தந்தை பக்கத்தில் முழந்தாளிட்டு, அவன் இறங்கும் நேரம் பார்த்து இரண்டு கையாலும் பாயை அமுக்கி விடுகிறார். பிள்ளை வழமையை விட ஓர் அடி கூடுதலாக எழும்புகிறான், கால் கோணலாக இறங்குகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்புப் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். பின்னால் நடக்கப்போவது அத்தனையும் அந்தப் பதினொரு நொடியில் இருந்தது.

டிசம்பர் விடுமுறை

நத்தார் கழிந்த மறுநாள் மட்டக்களப்பிலிருந்து தந்தையின் அக்கா குடும்பம் வந்தது. அவருடைய மகளுக்கு ஒன்பது வயது, 28 கிலோ. பையனுக்கு மச்சாள் என்றால் உயிர். தாய் அலுவலகத்தில் இருந்தார்; தந்தை வேலையில்; அம்மம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மாமி முன்னறையில்தான் இருந்தார். கவலையீனமாகவும் இருக்கவில்லை. சட்டத்தில் ஒட்டியிருந்த 50 கிலோவை வாசித்தார். மருமகன் 15, மகள் 28, கூட்டினால் 43. கணக்குச் சரி. ஏற விட்டார்.

எடை எழுதிய அந்தத் தாள், சட்டமும் பாயும் எவ்வளவைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. இரண்டு பேர் ஏறலாமா என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. வாசிப்பவருக்கு அது அனுமதிச் சீட்டாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நான் வாசித்திருந்தாலும் அதே கூட்டலைத்தான் செய்திருப்பேன்.

ஒரு நிமிடம்போல இருவரும் மாறி மாறிக் குதித்தார்கள். பிறகு மாமி ஒரு "டக்" என்ற சத்தம் கேட்டதாகச் சொன்னார். பையன் பாயை விட்டு வெளியே விழவில்லை. தலை இடிபடவில்லை. பாயின் நடுவிலேயே இருந்துகொண்டு வலது காலைப் பிடித்து அழுதான்.

நடந்தது இதுதான். கனமான பிள்ளை இறங்கும்போது பாய் ஆழமாகத் தாழ்கிறது. அவள் எழும்பும்போது அதே பலத்தோடு மேலே வருகிறது. அந்த நொடியில் சிறியவன் இறங்கிக்கொண்டிருந்தால் அவனுடைய கால் சந்திப்பது மெத்தென்ற துணியையல்ல, தன்னை நோக்கி ஏறிவரும் ஒரு தரையை. இங்கே கரையோரம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: அலை தூக்கும் நேரத்தில் வள்ளத்துக்குள் குதித்தவருக்கு முழங்கால் சொல்லும். தாழ்விலிருந்து குதித்தாலும் உயரத்திலிருந்து குதித்ததுபோல இருக்கும். அந்த அடியை வாங்குவது பெரும்பாலும் சிறியவர்தான். பெரியவருக்குத் தெரியவே தெரியாது. மச்சாளுக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் ஏன் அழுகிறான் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

இன்னொன்றும் அன்று தெரியவந்தது. அவளுடைய விரல் இரண்டு முறை விசிறித் தகட்டில் தட்டியிருக்கிறது. கையை உயர்த்தினால் அவள் 5 அடி 5 அங்குலம். பாயும் குதிப்பும் சேர 7 அடி 8. மழையால் மின்சாரம் நின்றிருந்ததால் விசிறி சுற்றவில்லை. இதைக் கேட்டபோதுதான் தந்தை முதன்முறையாக உட்கார்ந்தார் என்று தாய் சொன்னார்.

மருத்துவம்

வீக்கம் பெரிதாக இல்லை. அம்மம்மா எண்ணெய் தடவினார். மழை கொட்டியது. முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் ஒருவரிடம் காலையில் காட்டலாம் என்று பேசி, அந்த இரவைக் கடத்தினார்கள். காலையில் பிள்ளை காலை நிலத்தில் ஊன்றவே மறுத்தான். தவழ்ந்து குசினிக்குப் போனான். தாய் வேறு பேச்சுக்கு இடம் வைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நடக்கக்கூடிய பிள்ளை நடக்க மறுத்தால் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த ஓர் இரவும் தவறுதான்.

டிரம்போலின் என்று கேட்டதும் மருத்துவர், எங்கே விழுந்தான் என்று கேட்கவில்லை. "யாரோடு குதித்தான்?" என்று கேட்டார். எக்ஸ்ரேயில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியில் மெல்லிய வெடிப்பு. சிறு பிள்ளை கனமானவரோடு சேர்ந்து குதிக்கும்போது வரும் முறிவு இது என்றும், இதற்கு மருத்துவத்தில் டிரம்போலினின் பெயரே உண்டு என்றும் விளக்கினார். தொடைவரை மாவுக்கட்டு, நான்கு கிழமை. இந்த இடத்து முறிவு ஆறிய பிறகும் சில பிள்ளைகளுக்குக் கால் முழங்காலில் உள்நோக்கிச் சற்று வளையக்கூடும், பெரும்பாலும் காலப்போக்கில் தானே நேராகும், ஆனால் ஒன்றிரண்டு வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

அன்றிரவு நான் வாசிக்கவேண்டியதை வாசித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டில் பொழுதுபோக்குக்காக டிரம்போலின் வைத்திருப்பதையே ஊக்குவிக்கவில்லை. காயங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் ஏறியபோது நடந்தவை. அப்படி ஏறியவர்களில் மிகச் சிறியவர் காயப்படும் வாய்ப்பு, கனமானவரை விடப் பதினான்கு மடங்குவரை கூடுதல். நான் உயரத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது இரண்டாவது ஆளை.

வைத்திருப்பதா, விற்பதா

தந்தை அதை அடுத்த நாளே விற்க நின்றார். அம்மம்மா எரிக்கச் சொன்னார். தாய் முடிவைத் தள்ளிப்போட்டார். எப்படியும் நான்கு கிழமைக்கு வேலையில்லை, கோபத்தில் முடிவெடுக்க வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி. சட்டத்தின் கால்களைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தார்கள்.

இதற்கிடையே மச்சாள் மட்டக்களப்பில் சாப்பிடாமல் இருந்தாள். பெரியவர்கள் யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனால் யாரும் அவளிடம் எதையும் சொல்லவுமில்லை. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் தொலைபேசிகூட ஒரு கிழமை அமைதியாக இருந்தது. தாயிடம் நான் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: பாய் எப்படிக் காலை அடித்தது என்பதை அந்தப் பிள்ளைக்கு அப்படியே விளக்குங்கள், அவள் தள்ளவில்லை என்பதை அவள் காதால் கேட்கட்டும். தந்தைதான் பேசினார். ஒரு தட்டில் புட்டுமாவைப் பரப்பி, கையால் அடியிலிருந்து தட்டிக் காட்டிக் காணொளி அழைப்பில் விளக்கினாராம். அன்றிரவு அவள் சாப்பிட்டாள்.

மாவுக்கட்டுக் காலம் எனக்கு ஒரு பாடம். குதிக்க முடியாத பிள்ளை வெறிபிடித்து அலைவான் என்று பயந்தோம். அம்மம்மா அவனை நிலத்தில் இருத்தி ரொட்டிக்கு மா பிசையக் கொடுத்தார். இரண்டு கையாலும் அமுக்கி, குத்தி, உருட்டினான். பிறகு அமைதியாக இருந்தான். அப்போதுதான் என் பழைய குறிப்பில் வாங்கு தூக்கிய நாள் நினைவுக்கு வந்தது. அவனுடைய உடம்பு கேட்டது குதிப்பை மட்டுமல்ல, பாரத்தை. தூக்குவது, தள்ளுவது, இழுப்பது எல்லாம் அவனைத் தணித்தன. குதிப்பு அவனைத் தணிப்பதற்கு முன் ஒருமுறை கிளப்பியும் விடும்.

கட்டு அவிழ்த்த பின், மருத்துவர் அனுமதித்த அளவுக்கு, இதையே வேலையாக்கினோம். வீட்டில் தண்ணீர்ப் போத்தல்களைக் குசினிக்குக் கொண்டுபோவது அவன் பொறுப்பு. முன்பள்ளியில் கதை நேரத்துக்கு முன் வாங்குகளை இழுத்து வைக்க அவனோடு இன்னும் மூன்று பேரைச் சேர்த்தேன். மாசியில் மழை விட்டதும் முன்பள்ளி முற்றத்தில் பழைய விளையாட்டைத் தொடங்கினோம்: தென்னோலை மட்டையில் ஒருவர் இருக்க மற்றவர் இழுப்பது. காசு செலவில்லை. கதை நேரத்தில் எழுவது இரண்டாகக் குறைந்தது. மற்றப் பிள்ளைகளும் முன்னைவிட அடங்கி இருந்து கதை கேட்டார்கள்.

திரும்ப விரித்தது

பங்குனி நடுவில், மருத்துவர் தடையில்லை என்ற பிறகு, தாய் மீண்டும் விரிக்க விரும்பினார். இம்முறை நான் வாசித்தவற்றை எல்லாம் முன்வைத்தேன். ஆறு வயதுக்கு முன் வேண்டாம் என்பதே பாதுகாப்பான விடை என்றும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அப்படியானால் எந்த நிபந்தனையில் என்று கேட்டார். முடிவு அவருடையது. நிபந்தனைகளைச் சேர்ந்து எழுதினோம்.

பாயில் ஒருவர் மட்டும்; பாயைத் தொடும் கையும் இரண்டாவது ஆள்தான், ஆகவே தந்தையின் அமுக்கலுக்கும் இடமில்லை. காலை ஆறே முக்காலுக்கு ஏழு நிமிடம், பின்னேரம் நாலேகாலுக்கு ஏழு நிமிடம், இரவில் இல்லை. வெறுங்கால். கரணம் இல்லை, கழுத்துக்கு வரும் காயங்களுக்குக் கரணம் பெரிய காரணம். விசிறியை அந்த அறையிலிருந்து கழற்றி மேசை விசிறி வைத்தார்கள். எல்லாவற்றிலும் பயன்பட்டது கடைசி நிபந்தனை: ஏழு நிமிடம் முடிந்ததும் கால்களை மடித்து, நிமிர்த்தி, அலுமாரிக்குப் பின்னால் கட்டிவிட வேண்டும். நாள் முழுதும் விரித்தபடி கிடக்கும் டிரம்போலினில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும் என்று நான்கு வயதுப் பிள்ளையை நம்பிக்கொண்டிருக்க முடியாது. சாவி போட்ட அலுமாரியை யாரும் காவல் காப்பதில்லை.

நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. மணியடித்தால் அழுதான். "கடைசிப் பத்து" என்று சொல்லி அவனையே எண்ண வைத்தபோது ஒன்பதை நீட்டி நீட்டி எண்ணுவான், பத்தில் இறங்கிவிடுவான். ஒன்பதுக்கு அவ்வளவு நீளம் இருக்கலாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

சித்திரை வருடப் பிறப்புக்கு மட்டக்களப்புக் குடும்பம் மீண்டும் வந்தது. கட்டியது கட்டியபடி இருந்தது. எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். போகுமுன் பையன் மச்சாளிடம் "ஒரு பாய்க்கு ஓர் ஆள்" என்று விதியை ஒப்புவித்தான். "எனக்குத் தெரியும்" என்று அவள் சொன்னாள்.

வைகாசியில் உப்புக்காற்று வேலையைக் காட்டியது. துணி உறையைத் தூக்கிப் பார்த்தபோது ஸ்பிரிங்குகளின் கொக்கிகள் செம்மஞ்சளாகப் பொரிந்திருந்தன. ஆனியில் ஒரு கொக்கி விரிந்து கழன்றது. தந்தை கடைகளில் தேடி ஒன்று வாங்கினார். அரை அங்குலம் குட்டை. பாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அத்தோடு நிறுத்தினார்கள். கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் வீட்டில் இரும்பு ஸ்பிரிங் உள்ள பொருளுக்கு ஆயுள் குறைவு என்பதை வாங்குமுன் யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவள் நான்தான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே கேள்வியோடு இன்னொரு தாய் நாளை வந்தால், முதலில் பொருளைப் பற்றிப் பேச மாட்டேன். இரண்டு கிழமை தூக்குதலும் இழுத்தலும் கொடுத்துப் பாருங்கள் என்பேன். இந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டதில் பாதி அதிலேயே கிடைத்தது. அதை நான் டிரம்போலினுக்கு முன்பே கண்ணால் பார்த்திருந்தேன்.

அதற்கு மேலும் வாங்குவோம் என்றால், மருத்துவர்கள் விரும்பவில்லை என்பதை மழுப்பாமல் சொல்வேன். பேச்சைத் தாயோடு முடிக்க மாட்டேன். பகலில் வீட்டில் இருப்பவர் யாரோ அவரோடு பேசுவேன். இந்த வீட்டில் அது அம்மம்மா. அவருக்கு என் எச்சரிக்கை வந்து சேரவே இல்லை. விருந்தாளிகள் வரும் நாளில் என்ன செய்வது என்பதை முதல் நாளே தீர்மானிக்கச் சொல்வேன். எடைத் தாளின் மேல் இன்னொரு தாளைத் தமிழில் எழுதி ஒட்டச் சொல்வேன். அறையை அளக்கும்போது, அந்த வீட்டுக்கு வரக்கூடியவர்களில் மிக உயரமான பிள்ளையைக் கையை உயர்த்தி நிற்க வைத்து அளக்க வேண்டும்.

மாமியைப் பற்றி ஒரு சொல். சிலரிடம் இந்த நிகழ்வைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் விட்டார் என்றே முதலில் சொன்னார்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த முறிவு ஒரு நொடிக்குள், கண் முன்னால், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நடக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவரால் அதைத் தடுக்க முடியாது. ஏற விடாதவரால் மட்டுமே முடியும்.

இப்போது

பையனுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது. தையில் முதலாம் ஆண்டுக்குப் போகிறான். ஓடுகிறான், நொண்டல் இல்லை. வலது கால் முழங்காலில் சிறிது உள்நோக்கி இருப்பதாகக் கடந்த முறை மருத்துவமனையில் குறித்தார்கள். இரண்டு முழங்காலும் ஒட்டும்படி நிற்க வைத்து, கணுக்கால்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்து அட்டையில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த அளவு ஒக்டோபரில்.

துடியாட்டம் குறையவில்லை. கச்சான் காற்று அடிக்கும் இந்த நாட்களில் பின்னேரம் மணலில் ஓடிவிட்டு, வீட்டுக்காரருக்குக் கிணற்றடியிலிருந்து பூச்சாடிகளுக்கு வாளியில் தண்ணீர் சுமக்கிறான். அந்த அம்மா இப்போது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். டிரம்போலின் மொட்டை மாடியில் இருக்கிறது. கால்கள் இல்லை, நான்கு செங்கல்லின் மேல் சட்டம். பாயில் அம்மம்மா மோர்மிளகாய் காயப் போட்டிருக்கிறார். கீழேயும் காற்றுப் போவதால் பாயில் இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறதாம்.